உங்கள் ஊர்த் தொன்மைச் சின்னத்தை அரசின் பாதுகாப்புப் பட்டியலுக்குப் பரிந்துரைப்பது எப்படி?

ஏரி மதகில் எழுத்துப் பொறித்த தூண், வயல் நடுவே சாய்ந்து நிற்கும் நடுகல், குன்றின் இடுக்கில் துறவியர் படுக்கச் செதுக்கிய கற்படுக்கை, கூரை சரிந்த சத்திரம் என ஏதேனும் ஒன்று இல்லாத வட்டம் தமிழ்நாட்டில் அரிது. இவற்றுள் அரசால் பாதுகாக்கப்பட்டவையாக முறைப்படி அறிவிக்கப்பட்டவை சிறு பகுதிதான். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நாடு முழுவதும் 3,600-க்கும் மேற்பட்ட சின்னங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் இருப்பவை 400-க்குச் சற்று அதிகம். மாநிலத் தொல்லியல் துறை தனியே ஒரு பட்டியலை வைத்திருக்கிறது. தம் ஊரிலுள்ள ஒன்றையும் இப்பட்டியல்களில் சேர்க்க வேண்டும் என விரும்புவோர் பெரும்பாலும், "எங்கள் ஊரில் ஆயிரம் ஆண்டுப் பழமையான கோயில் உள்ளது, அரசு பாதுகாக்க வேண்டும்" என்று ஒரு பக்க மனு எழுதி ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அந்த மனு மேசைக்கு மேசை நகர்ந்து, "தக்க நடவடிக்கைக்கு" என்ற குறிப்போடு எங்கோ நின்றுவிடுகிறது. அதிகாரிகளின் அலட்சியத்தை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. சின்னம் எங்கே இருக்கிறது, யாருடைய நிலத்தில் இருக்கிறது, அதன் காலத்துக்குச் சான்று என்ன என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையில்லாத மனுவை வைத்துக்கொண்டு எந்த அலுவலராலும் ஒரு கோப்பைத் தொடங்க இயலாது. அந்த விடைகளை நீங்களே தேடித் தொகுத்துக் கொடுப்பதற்கான வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சின்னத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கும் அதிகாரம் அரசுக்கு மட்டுமே உண்டு. பொதுமக்கள் நிரப்பிக் கொடுப்பதற்கென்று சட்டத்தில் விண்ணப்பப் படிவம் எதுவும் வகுக்கப்படவில்லை. நீங்கள் அனுப்புவது ஒரு பரிந்துரை. படிவம் இல்லாததால் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்பதைவிட, படிவம் இல்லாததால் எல்லாவற்றையும் நாமே யோசித்து எழுத வேண்டியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே பயன் தரும்.

எந்த அலுவலகத்துக்கு உரியது?

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை இப்பொருளை ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் பகிர்ந்து தந்திருக்கிறது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவையாக அறிவிக்கப்பட்டவை ஒன்றிய அரசின் பொறுப்பு. மற்றவை மாநிலத்தின் பொறுப்பு. ஒன்றியத்துக்கு 1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள், தொல்லியல் இடங்கள், எச்சங்கள் சட்டமும், தமிழ்நாட்டுக்கு 1966-இல் இயற்றப்பட்ட தனிச் சட்டமும் இருக்கின்றன. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டடம், ஈமக்குழி, குகை, பாறைச் சிற்பம், கல்வெட்டு, ஒற்றைக் கல் ஆகியவற்றுள் எதுவானாலும், வரலாற்றுச் சிறப்போ தொல்லியல் சிறப்போ கலைச் சிறப்போ உடையதாகவும் குறைந்தது 100 ஆண்டுகள் நிலைத்திருந்ததாகவும் இருந்தால் அது தொன்மைச் சின்னம். மண்ணுக்கு அடியில் எச்சங்கள் இருப்பதாக நியாயமாக நம்பத்தக்க நிலப்பரப்பும் தொல்லியல் இடம் என்ற பெயரில் இச்சட்டத்துக்குள் அடங்கும். ஆகவே ஊர்ப்புறத்துப் பானையோட்டு மேட்டையும் முதுமக்கள் தாழிக் காட்டையும் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.

புதியவர்கள் பலர் நேராக ஒன்றிய அரசுக்கே எழுத விரும்புகிறார்கள். என் கருத்தில், ஊரளவில் அல்லது மாவட்ட அளவில் சிறப்புடைய ஒரு சின்னத்துக்கு மாநிலத் துறையே பொருத்தமான இடம். தேசிய முக்கியத்துவம் என்பதை நிறுவுவது கடினம். நிறுவிவிட்டாலும் அதனுடன் வரும் கட்டுப்பாடுகள் கடுமையானவை. 2010-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், ஒன்றியப் பாதுகாப்பிலுள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்ற ஒழுங்குமுறையும் தாமாகவே நடைமுறைக்கு வந்துவிடுகின்றன. நெருக்கமான குடியிருப்பின் நடுவே நிற்கும் ஒரு சின்னத்துக்காக இதைக் கோருமுன் சுற்றிலும் யார் வீடு கட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பது அவசியம்.

நகரத்துக் கட்டடங்களின் நிலை வேறு. சென்னையில் பாரம்பரியக் கட்டடங்களுக்கெனப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின்கீழ் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு இயங்குகிறது. அண்ணா சாலையிலுள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் பணி 2006-இல் தொடங்கியபோது, பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் (INTACH) என்ற தன்னார்வ அமைப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2010-இல் வந்த தீர்ப்பு அக்கட்டடத்தைக் காப்பாற்றியதோடு, நகரின் பாரம்பரியக் கட்டடங்களுக்குச் சட்டக் கவசம் வேண்டும் என்பதையும் அழுத்தமாக முன்வைத்தது. விளம்பரப் பலகைகள் தொடர்பான வழக்கையொட்டி நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த 467 கட்டடங்களின் பட்டியலும் இன்றுவரை எடுத்தாளப்படுகிறது. ஆகவே சென்னையில் ஒரு பழைய பங்களாவையோ பள்ளிக் கட்டடத்தையோ பரிந்துரைக்க விரும்புவோர் தொல்லியல் துறைக்குப் போகுமுன் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவை அணுக வேண்டும். மாநிலம் முழுமைக்குமான பாரம்பரிய ஆணையத்துக்கு 2012-இலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அது நெடுங்காலம் ஏட்டளவிலேயே கிடந்தது.

யுனெஸ்கோவுக்கு மனு அனுப்பலாமா என்று கேட்பவர்களும் உண்டு. உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கு ஒரு நாட்டின் அரசு மட்டுமே முன்மொழிய முடியும். அதற்குமுன் அந்த இடம் அந்நாட்டின் தற்காலிகப் பட்டியலில் இருந்தாக வேண்டும். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் அத்தகைய தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. செஞ்சிக் கோட்டை 2025-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதும் தனியாக அன்று. மராட்டியர் கால இராணுவ நிலவமைப்பு என்ற 12 கோட்டைகளின் தொகுப்பில் ஒன்றாகத்தான். ஊர்க்காரர் ஒருவர் தொடங்கக்கூடிய வேலை இதுவன்று.

சின்னத்தைச் சுற்றியுள்ள குன்றும் நீர்நிலையும் சேர்ந்து சிறப்புடையவையாக இருந்தால், உயிரின வளத்துக்காக அரசு அறிவிக்கும் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்ற மற்றொரு வழியையும் மறந்துவிடாதீர்கள். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியில் பழந்தமிழ் எழுத்தான தமிழியில் பொறித்த கல்வெட்டும் சமணர் கற்படுக்கையும் பாறையைக் குடைந்து ஆக்கிய பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் ஏற்கெனவே தொல்லியல் பாதுகாப்பில் இருந்தன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193.42 எக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. பின்னர் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் கனிமத் தொகுதி ஏலத்துக்கு வந்து, கடும் எதிர்ப்புக்குப் பின் 2025 ஜனவரியில் ரத்து செய்யப்பட்டது. அந்தப் போராட்டத்தில் மக்கள் எடுத்துக்காட்டியவற்றுள் இந்த இரண்டு வகை அறிவிக்கைகளும் இருந்தன.

பெயர்த்து எடுத்துச் செல்லக்கூடிய சிலை, செப்பேடு, நாணயம் போன்றவை இந்தக் கட்டுரையின் எல்லைக்குள் வராதவை. மண்ணுக்குள் புதைந்து கிடந்து கிடைத்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருளையும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகியும் அந்தப் பத்து ரூபாய் மாறவில்லை என்பது ஒருபுறமிருக்க, அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது.

ஏற்கெனவே பட்டியலில் உள்ளதா?

இதைச் சரிபார்ப்பது எளிது என்று தோன்றும். ஆனால் பழைய பட்டியல்கள் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு என்ற பழைய மாவட்டப் பெயர்களில், அன்றைய வட்டப் பிரிவுகளின்படி, ஆங்கிலேயர் எழுதிய ஊர்ப்பெயர் வடிவங்களோடு இருக்கின்றன. உங்கள் ஊர் இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதை வைத்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம். தாய்க்கிராமத்தின் பெயர், பழைய வட்டத்தின் பெயர், ஊர்ப்பெயரின் பழைய எழுத்துக்கூட்டு ஆகிய மூன்றையும் கொண்டு, ஒன்றிய, மாநிலப் பட்டியல்கள் இரண்டிலும் தேடுங்கள். ஏற்கெனவே பட்டியலில் இருந்தால் உங்கள் வேலை மாறிவிடுகிறது: புதிய அறிவிப்பைக் கோருவதற்குப் பதிலாகப் பராமரிப்பையும் வேலியையும் அறிவிப்புப் பலகையையும் கோர வேண்டும். கோயிலாக இருந்தால் அது இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறதா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அத்துறையின் நிர்வாகத்தில் இருப்பதும் தொல்லியல் துறையால் பாதுகாக்கப்பட்டிருப்பதும் ஒன்றல்ல.

நிலத்தை அடையாளம் காட்டுதல்

இந்தப் பகுதியைப் பலர் சலிப்போடு கடந்துவிடுகிறார்கள்; எனக்கோ இதுவே பரிந்துரையின் உயிர்நிலையாகத் தோன்றுகிறது. 2024-இல் இந்தியத் தொல்லியல் துறை தன் பட்டியலிலிருந்து 18 சின்னங்களை நீக்க முன்வந்தது. கண்டுபிடிக்க முடியாதவையாகிவிட்ட சின்னங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. ஒரு மைல்கல், ஒரு கல்லறை என்ற அளவில் மட்டும் ஒரு காலத்தில் எழுதி வைக்கப்பட்டவற்றை, நகரம் வளர்ந்து சூழ்ந்துகொண்ட பிறகு எவராலும் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஊரின் பெயரை மட்டும் சொல்லும் பரிந்துரை அதே தவற்றை மீண்டும் செய்கிறது.

ஆகவே முதலில் நிலத்தின் புல எண்ணையும் (சர்வே எண்) உட்பிரிவு எண்ணையும் கண்டறியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டிலும், வருவாய்த் துறையின் இணையச் சேவையிலும் நிலத்தின் வகைப்பாடு தெரியும். பட்டா நிலம், நத்தம், கோயில் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, கல்லாங்குத்து, காப்புக்காடு என்ற வகைப்பாட்டைப் பொறுத்து, யாருடைய இசைவு வேண்டும் என்பது முடிவாகிறது. ஏரிக்கரை மதகுக்குப் பொதுப்பணித் துறையின் வழிவந்த நீர்வளத் துறையும், சிறிய ஏரியானால் ஊராட்சியும், காட்டுக்குள் உள்ள ஓவியப் பாறைக்கு வனத் துறையும் பொறுப்பாளிகள். புல வரைபடத்தின் நகலை வாங்கி, அதில் சின்னம் நிற்கும் இடத்தைச் சிவப்பு மையால் குறியுங்கள். கைப்பேசியில் கிடைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளையும் எழுதுங்கள். சின்னத்தின் அடியில் நின்று எடுத்த அளவா, சாலையில் நின்று எடுத்த அளவா என்பதையும் குறிப்பிடுங்கள். நிலையான ஓர் அடையாளத்திலிருந்து, அதாவது பள்ளிக்கூடம், மதகு, மைல்கல் போன்ற ஒன்றிலிருந்து, எத்திசையில் எவ்வளவு தொலைவு என்பதும் ஒரு வரியில் இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை: தனித்துக் கிடக்கும் சிற்பங்கள் உள்ள இடத்தின் துல்லியமான அளவுகளைப் பரிந்துரையில் மட்டும் எழுதுங்கள், சமூக ஊடகத்தில் வெளியிடாதீர்கள். ஆர்வலர் போடும் பதிவைச் சிலைக் கடத்தல்காரரும் படிப்பார்.

சான்றுகளைத் திரட்டுதல்

பழமையை வெறும் கூற்றாகச் சொல்லாமல் எதைக்கொண்டு சொல்கிறோம் என்று காட்ட வேண்டும். கல்வெட்டு இருந்தால் அது முதன்மைச் சான்று. அது ஏற்கெனவே படியெடுக்கப்பட்டிருக்கலாம். 1887 முதல் வெளிவந்துகொண்டிருக்கும் அரசின் கல்வெட்டியல் ஆண்டறிக்கைகளில் கல்வெட்டுகள் ஆண்டும் எண்ணுமாகப் பதிவாகியுள்ளன; 1890-இல் கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் தொடங்கிவைத்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் அவற்றுள் பலவற்றின் முழுப் பாடமும் கிடைக்கும்; மாநிலத் தொல்லியல் துறையும் மாவட்ட வாரியாகக் கல்வெட்டுத் தொகுதிகளை வெளியிட்டிருக்கிறது. உங்கள் கல்வெட்டின் ஆண்டறிக்கை எண்ணைக் கண்டுபிடித்து எழுதிவிட்டால், பரிந்துரையைப் படிக்கும் தொல்லியல் அலுவலருக்குப் பாதி ஐயம் தீர்ந்துவிடும். எந்தத் தொகுதியிலும் இல்லையென்றால், அதையும் தெளிவாக எழுதுங்கள். புதிய கண்டுபிடிப்பாக இருக்க வாய்ப்புண்டு.

கல்வெட்டைப் படிக்கப் பயிற்சி இல்லாதவர்களும் சில தொடக்கச் சொற்களை அடையாளம் காணப் பழகலாம். 'திருமகள் போல' என்று தொடங்கினால் முதலாம் இராசராசனுடையது. 'திருமன்னி வளர' என்றால் முதலாம் இராசேந்திரனுடையது. 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்றால் முதலாம் பராந்தகனுடையது. ஆனால் வெறுமனே 'கோப்பரகேசரிவர்மர்க்கு யாண்டு' என்று மட்டும் இருந்தால் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். சோழ அரசர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். எழுத்தமைதி, அதாவது எழுத்து வடிவைக் கொண்டு காலம் கணிக்கும் முறை, தெரிந்த ஒருவரே அந்தப் பரகேசரி யார் என்று சொல்ல முடியும். விசயநகர காலத்துக் கல்வெட்டில் சக ஆண்டு இருந்தால் அதனோடு 78-ஐக் கூட்டினால் பொது ஆண்டு கிடைக்கும். நெல்லை, குமரிப் பகுதிகளில் கொல்லம் ஆண்டு வரும். அதனோடு 825-ஐக் கூட்ட வேண்டும், சில மாதங்களுக்கு 824. விரோதி, விகாரி என்று தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் பொறித்த சத்திரக் கல்வெட்டு பெருந்தொல்லை தருவது. அந்தப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் என்பதால், கட்டிய குடும்பத்தின் பத்திரமோ வேறொரு சான்றோ இல்லாமல் எந்தச் சுற்று என்று தீர்மானிக்க இயலாது.

எழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மாவு, சுண்ணாம்பு, விபூதி, எண்ணெய் எதையும் தடவ வேண்டாம். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில், இல்லாவிட்டால் இரவில் பக்கவாட்டிலிருந்து கைவிளக்கு அடித்துப் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழலால் எழுந்து நிற்கும். ஈரத் தாளைக் கல்லில் ஒற்றி மை தடவி எழுத்தைப் பிரதியெடுக்கும் மைப்படி பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. அதை அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

கல்வெட்டு இல்லாத கட்டடத்துக்கு அடிக்கல், கிரயப் பத்திரம், பழைய நில அளவை வரைபடம், மாவட்ட விவரச்சுவடி (கெசட்டியர்), எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள அரசாணைகள் போன்றவை உதவும். தூண், தூண்மேல் உத்திரத்தைத் தாங்கும் போதிகை, சுவரில் சிலை வைக்கும் மாடமான கோட்டம் ஆகியவற்றின் அமைப்பை வைத்துக் காலம் சொல்வது வல்லுநர் வேலை. நீங்கள் அவற்றை நெருக்கமாகப் படமெடுத்து இணைத்தால் போதும். அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறையையோ, பல மாவட்டங்களில் இயங்கும் வரலாற்று ஆய்வு மையங்களையோ, இன்டாக் அமைப்பின் உள்ளூர்க் கிளையையோ அணுகி, நேரில் பார்த்து ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தரும்படி கேளுங்கள். அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு.

அடுத்து, இது ஏன் முக்கியம் என்ற பத்தி. பரிந்துரைகள் பெரும்பாலும் சரிவது இங்கேதான். 'உலகிலேயே மிகப் பழமையானது', 'கலைநயம் மிக்கது', 'இராசராசன் வந்து தங்கியது' போன்ற தொடர்களால் எதுவும் நிறுவப்படுவதில்லை. உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் புகழ்பெற்றிருப்பது கட்டடத்தின் உயரத்தால் அன்று. முதலாம் பராந்தகன் காலத்தில், 919 முதல் 921 வரையிலான ஆண்டுகளில், ஊர்ச்சபை உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுப்பதற்கான தகுதிகளும் விலக்குகளும் அதன் சுவரில் பொறிக்கப்பட்டிருப்பதால். மண்டகப்பட்டுக் குடைவரை சிறியதுதான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி இக்கோயில் ஆக்கப்பட்டது என்று முதலாம் மகேந்திரவர்மனே பொறித்துவைத்த வாசகம் அதற்கு வரலாற்றில் இடம் தந்துவிட்டது. இவ்வாறு உங்கள் சின்னம் எதைத் தெரிவிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஏரியைப் பராமரிக்க யார் நிலம் கொடுத்தார், எந்த வணிகக் குழு இவ்வழியே சென்றது, ஆநிரை மீட்கப்போய் இறந்த வீரனின் பெயர் என்ன என்பதெல்லாம் ஊரளவிலான, ஆனால் உறுதியான சிறப்புகள். ஒரே வகையான சின்னங்கள் வட்டாரத்தில் எத்தனை எஞ்சியுள்ளன என்று தேடிப்பார்த்து, இது எவ்வகையில் வேறுபடுகிறது என்பதையும் எழுதுங்கள். செவிவழிக் கதைகளை விட்டுவிட வேண்டியதில்லை. 'ஊரார் கூறும் செய்தி' என்ற தனித் தலைப்பின்கீழ், கல்வெட்டுச் சான்றோடு கலக்காமல் பதிவு செய்யுங்கள்.

நிழற்படங்கள் நான்கு பக்கத்திலிருந்தும், தொலைவிலிருந்து சுற்றுப்புறம் தெரியும்படியும், சிதைவுகளைக் காட்டும்படியும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓர் அளவுகோல் தெரியட்டும். எந்தத் திசையை நோக்கி, எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதும் அடியில் இருக்கட்டும். நீளம், அகலம், உயரம் குறித்த எளிய கைவரைபடம் ஒன்று போதும். இறுதியாக, உடனடி ஆபத்து என்ன என்பதை மிகைப்படுத்தாமல் எழுதுங்கள்: பக்கத்தில் கல்குவாரி, கருவறை விமானத்தில் வேரூன்றிய அரசமரம், சாலை அகலப்படுத்தும் திட்டம், எதுவானாலும்.

ஊராரிடமும் உரிமையாளரிடமும் பேசுதல்

ஊரில் எழும் முதல் அச்சம், "கோயிலை அரசு எடுத்துக்கொண்டு பூட்டிவிடும்" என்பது. இதற்கு நேர்மையான விடை சொல்ல வேண்டும். பாதுகாக்கப்பட்டதாக அறிவிப்பதால் மட்டும் உடைமை மாறிவிடுவதில்லை. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமையாளர் தம் உரிமையை வைத்துக்கொண்டே பராமரிப்புப் பொறுப்பை மட்டும் தொல்லியல் துறைக்கு எழுதித் தரலாம். பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். விற்கலாம், குத்தகைக்கு விடலாம், கொடையாகவும் தரலாம். வழிபாட்டிலுள்ள தலத்தை அதன் இயல்புக்கு ஒவ்வாத முறையில் பயன்படுத்தக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இன்றும் அன்றாட வழிபாடும் திருவிழாக்களும் நடப்பதைச் சான்றாகக் காட்டலாம். எனினும் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அறிவிக்கும் காலத்தில் வழிபாடு இல்லாத சின்னத்தில் பின்னர் புதிதாக வழிபாடு தொடங்குவதை ஒன்றியத் துறை ஏற்பதில்லை. அனுமதியின்றிப் புது மண்டபம் கட்டவோ, தரையில் பளிங்குக் கல் பதிக்கவோ, வண்ணம் பூசவோ முடியாது. சேதப்படுத்துவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. இவற்றை முன்கூட்டியே சொல்லாமல் கையெழுத்து வாங்கினால், ஆட்சேபணைக் காலத்தில் அதே ஊரார் உங்களுக்கு எதிராக மனுக் கொடுப்பார்கள். அப்போது அவர்கள் பக்கமே நியாயம் இருக்கும்.

பட்டா நிலமானால் உரிமையாளரின் இசைவுக் கடிதமும், கோயிலானால் அறங்காவலர் அல்லது செயல் அலுவலரின் கடிதமும் இணைப்பது நல்லது. இசைவு இல்லாவிட்டாலும் அரசு அறிவிக்கலாம். ஆனால் கோப்பு மெதுவாக நகரும். ஊராட்சியின் ஆதரவைக் கிராம சபைத் தீர்மானமாகப் பெறுங்கள். குடியரசு நாள், மே 1, விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கிராம சபை கூடுகிறது. கூட்டப் பொருளில் சேர்க்கும்படி ஊராட்சித் தலைவரிடம் முன்னதாகவே எழுத்தில் கேளுங்கள். தீர்மானத்தில் புல எண்ணும் சின்னத்தின் பெயரும் வர வேண்டும். 'பழைய கோயிலைப் பாதுகாக்க' என்று பொதுவாக எழுதினால் பயனில்லை.

அனுப்புதலும் பின்தொடர்தலும்

மாநிலத் துறைக்கான பரிந்துரையை எழும்பூர் தமிழ் வளர்ச்சி வளாகத்திலுள்ள தொல்லியல் துறைத் தலைவருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் ஆட்சியருக்கும் நகல் கொடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும், அதைப் பத்திரப்படுத்துங்கள். ஒன்றியத் துறைக்கானால், ஊர் அத்துறையின் எந்த நிர்வாக வட்டத்துக்குள் வருகிறது என்று பார்த்து, சென்னை வட்டத்தின் அல்லது 2020-இல் உருவான திருச்சி வட்டத்தின் கண்காணிப்புத் தொல்லியலாளருக்கு அனுப்ப வேண்டும். முதல் பக்கத்தில் சின்னத்தின் பெயர், வகை, ஊர், வட்டம், மாவட்டம், புல எண், நில வகைப்பாடு, உரிமையாளர், மதிப்பிடப்படும் காலம், அதற்கான சான்று ஆகியவற்றைச் சுருக்கமாகத் தந்துவிடுங்கள். மற்றவை இணைப்புகள். இருபது பக்கத் தலவரலாற்றைவிட இந்த முதல் பக்கமே கோப்பை நகர்த்துகிறது.

இதன்பின் தொல்லியல் அலுவலர் நேரில் ஆய்வு செய்வார். வருவாய்த் துறையிடம் நில விவரம் கேட்கப்படும். அறிக்கை மேலே செல்லும். அரசு ஏற்றால், முதலில் அறிவிக்கும் நோக்கத்தைத் தெரிவிக்கும் முதல்நிலை அறிவிக்கை அரசிதழில் வரும். அதன் நகல் சின்னத்தின் அருகே ஒட்டப்படும். ஒன்றியச் சட்டத்தில் ஆட்சேபணை தெரிவிக்க இரண்டு மாத அவகாசம் உண்டு. ஆட்சேபணைகளைப் பரிசீலித்த பின்பே இறுதி அறிவிக்கை. இவை அனைத்தும் முடிய ஆண்டுகள் ஆகலாம். ஓராண்டுக்குள் ஒரு தகவலும் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். 'ஏன் அறிவிக்கவில்லை' என்று கேட்பதைவிட, உங்கள் பரிந்துரையின் கோப்பு எண், தள ஆய்வு நடந்த நாள், ஆய்வறிக்கையின் நகல் ஆகியவற்றைக் கேட்பது பயன் தரும். நிராகரிப்புக்குரிய காரணம் அந்த அறிக்கையில் இருக்கும். குறைபட்ட சான்றைச் சேர்த்து மீண்டும் அனுப்பத் தடையில்லை.

இறுதி அறிவிக்கை வரும்வரை சின்னத்துக்குச் சிறப்புச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதால், இடைப்பட்ட காலமே ஆபத்தானது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் திருப்பணி பல சமயம் திருடனைவிட அதிகமாக அழித்துவிடுகிறது: மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்ததில் எழுத்துகள் மழுங்கிப் போகின்றன, சுண்ணாம்புக் காரையின் மேல் சிமென்ட் பூசியதில் ஈரம் உள்ளே தங்கிச் சுவர் உப்புகிறது, கல்வெட்டுள்ள கல் படிக்கட்டாகிவிடுகிறது. அறநிலையத் துறைக் கோயில்களில் திருப்பணிக்கு வல்லுநர் குழுக்களின் ஒப்புதல் தேவை. அந்த ஒப்புதல் உள்ளதா என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு. அரசமரக் கன்றைப் பிடுங்கி எறிய வேண்டாம், வேரோடு கல்லும் பெயர்ந்து வரும். வெட்டிவிட்டுத் துறைக்குத் தெரிவியுங்கள். கீழே விழுந்து கிடக்கும் கற்களை ஒழுங்குபடுத்தி அடுக்குவதும் தவறு; அவை விழுந்து கிடக்கும் நிலையே மீளக் கட்டுவோருக்குச் சான்று.

அரசிதழில் இறுதி அறிவிக்கை வெளியானதும் அதன் நகலைப் பெற்று, புல எண், உட்பிரிவு, பரப்பளவு, நான்கு எல்லைகள் ஆகியவை நீங்கள் தந்த விவரங்களோடு பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள். பிழை இருந்தால் திருத்த அறிவிக்கை கோரி உடனே எழுதுங்கள். நகலொன்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து, ஊர்க் கணக்கில் அந்தப் புல எண்ணுக்கு எதிரே குறிப்புப் பதியும்படி வட்டாட்சியருக்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள். பிற்காலத்தில் அந்தப் புலம் உட்பிரிவு செய்யப்பட்டு எண் மாறினால், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்துத் துறைக்கு மறுபடியும் எழுதித் தெரிவிக்க வேண்டும்.